எந்த ஆண்டுக்கு மீட்பது? சிங்கரேணியின் கைவிடப்பட்ட சுரங்க நிலங்கள் குறித்துச் சில குறிப்புகள்

ஹைதராபாத் குகட்பள்ளியில் ஐடிஎல் ஏரி என்றொரு நீர்நிலை உண்டு. அதன் கரையில் விநாயகர் சிலைகளைக் கரைக்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோர்க்கு அந்த மூன்றெழுத்தின் விரிவு தெரிந்திருக்காது. 1961இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெட்டனேட்டர்ஸ் லிமிடெட் என்னும் நிறுவனத்தின் சுருக்கம் அது. சுரங்கங்களிலும் கல்குவாரிகளிலும் பாறையைப் பிளக்கப் பயன்படும் வெடிதூண்டிகளையும் வெடிமருந்தையும் செய்த ஆலை. நாட்டின் நிலக்கரித் தொழில் விரிந்த காலத்தில் விரிந்த தொழிற்சாலைகளுள் ஒன்று. வெடிபொருள் ஆலைக்குச் சுற்றிலும் ஆளில்லா வெளி வேண்டும். அந்நாளில் நகருக்கு வெளியே கிடந்த குகட்பள்ளியில் அது எளிதாகக் கிடைத்தது. உதாசீன மடத்துக்குச் சொந்தமான சுமார் 540 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகையாக, சில தவணைகளில், ஆலைக்கு வழங்கப்பட்டது.

பின்னர் நகரம் ஆலையின் மதில்வரை வந்து சேர்ந்தது. வெடிமருந்துக்காகப் பெற்ற நிலத்தில் கட்டட வளர்ச்சித் திட்டங்கள் எழுந்தன. குத்தகையின் நோக்கம் மாறிவிட்டது என்று மடம் வாதிட்டது. அறநிலையத் தீர்ப்பாயத்தில் 2011இல் மடத்துக்குச் சாதகமாக முடிவான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று அங்கும் மடத்தின் பக்கமே நின்றது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த நிலம், அந்த நோக்கம் முடிந்தபின் யாரிடம் திரும்ப வேண்டும் என்னும் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. கொடுத்தவர் யார், எந்த ஆண்டில், எந்தப் பத்திரத்தின்படி என்பதெல்லாம் எழுத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். அந்த ஆலையின் வெடிபொருள்களை வேண்டி நின்ற நிலக்கரித் தொழிலின் நிலங்களில் இதே கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. குகட்பள்ளியிலிருந்து கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோதாவரிப் பள்ளத்தாக்கில் உள்ள சிங்கரேணி வயல்களின் கதையை இந்தக் கோணத்திலிருந்து வாசிக்கலாம்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1871இல் இல்லந்து அருகே நிலக்கரிப் படிவத்தைக் கண்டறிந்தார். வேறோர் ஊரான சிங்கரேணியின் பெயர் வயலுக்கும் பின்னர் நிறுவனத்துக்கும் ஆயிற்று. 1886இல் நிஜாம் அரசு, தன் ஆட்சிப்பரப்பின் கனிமங்களைத் தோண்டும் 99 ஆண்டு உரிமையை வாட்சன், ஸ்டூவர்ட் என்னும் இரு ஆங்கிலேயர்க்கு அளித்தது. அவ்வுரிமையை வைத்து ஹைதராபாத் (டெக்கான்) கம்பெனி லண்டனில் உருவாயிற்று. பங்குகளின் பெரும்பகுதி உரிமை பெற்றவர்களுக்கே இலவசமாக ஒதுக்கப்பட்டதும், நிஜாம் அரசின் உயர் அதிகாரியான அப்துல் ஹக் தன் சொந்தப் பங்குகளைத் தன் அரசுக்கே விற்றுக்கொடுத்ததும் வெளிவந்தபோது பெரும் ஊழலாக வெடித்தது. 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தெரிவுக் குழு இதை விசாரித்தது.

அந்த விசாரணையின் கவனம் முழுவதும் பங்கு, விலை, தரகு ஆகியவற்றின் மேல் இருந்தது. ஏமாற்றப்பட்டவர் நிஜாமா, லண்டனில் பங்கு வாங்கியவர்களா என்பதே வாதம். தோண்டப்படவிருந்த நிலத்தில் அப்போது யார் வாழ்ந்தார்கள் என்பது வழக்கின் பொருளாகவே இல்லை. அது கோயர்கள் காடு திருத்திப் பயிர் செய்த நிலம். அங்கே எல்லைக் கல்லும் இல்லை, பட்டாவும் இல்லை. பத்திரம் இல்லாத இடத்தை வெற்றிடம் என்று கொள்ளும் வருவாய்த் துறையின் பழைய வழக்கம் இங்கு அலட்டலின்றி நிறைவேறியது. சிங்கரேணி நிலத்தின் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்பவர்க்கு இந்த மௌனம் முக்கியமானது.

ரயில் பாதை டோர்ணகல்லிலிருந்து இல்லந்துக்குக் கிளை பிரிந்து வந்தது. 1889இல் வணிக முறையில் நிலக்கரி வெட்டுதல் தொடங்கியது. 1920 டிசம்பரில் கம்பெனியின் பெயர் சிங்கரேணி காலரீஸ் என்று மாறியது. 1945இல் நிஜாம் அரசு பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இன்று 51 விழுக்காடு தெலங்கானாவிடமும் 49 விழுக்காடு ஒன்றிய அரசிடமும் உள்ளது. இதற்கிடையே சுரங்கங்கள் பெல்லம்பள்ளிக்கும் கொத்தகூடத்துக்கும் பின்னர் ராமகுண்டம், மணுகூருக்கும் பரவின. வேலைக்கு வந்தவர்கள் கரீம்நகர், வாரங்கல் கிராமங்களிலிருந்தும் கடலோர ஆந்திரத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தார்கள். குழியைச் சுற்றிக் குடிசை, குடிசையைச் சுற்றிக் கடை, பிறகு சந்தை, பள்ளி, சங்க அலுவலகம் என்று ஊர்கள் எழுந்தன. கோதாவரிகனி என்னும் ஊர்ப்பெயரே இதைச் சொல்லும். தெலுங்கில் கனி என்றால் சுரங்கம். வடமொழி ‘கனி’யின் வழி வந்தது, தமிழில் ‘கனிமம்’ என்னும் சொல்லில் நாம் வைத்திருப்பதும் அதுவே. கோதாவரியின் பழம் என்று பெயரைப் படித்துவிடும் தமிழ் வாசகருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனிச் சுரங்கம் மூடப்படுவது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அந்தச் சொல் தோற்றத்தில் எளிது, நடப்பில் சிக்கலானது.

பழைய சிங்கரேணிச் சுரங்கங்கள் நிலத்தடிச் சுரங்கங்கள். படிவத்தில் அறை அறையாகக் குடைந்து, கூரையைத் தாங்க நிலக்கரியாலேயே தூண்களை விட்டுச் செல்வது முறை. ஒரு பகுதியில் வேலை முடியும்போது அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். கூரை சரியும், சில காலம் கழித்து மேலே தரையும் தாழும். மேலே ஊரோ ரயில் பாதையோ ஓடையோ இருந்தால் வெற்றிடத்தை நிரப்பியாக வேண்டும். கோதாவரியின் மணலை நீரோடு கலந்து குழாய் வழியே இறக்கி நிரப்பினார்கள். ஆக, மூடிய சுரங்கத்தின் மேல் வீடு கட்டலாமா என்பது, கீழே எந்த ஆண்டில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எங்கே மணல் போட்டார்கள் என்னும் வரைபடத்தைப் பொறுத்தது. வரைபடம் துல்லியமாக இருந்தால் நிலம் பயன்படும். இல்லையேல் அது வேலியிட்ட வெறுந்தரைதான். ஜரியாவில் 1916 முதல் நிலத்தடியில் எரிந்துகொண்டிருக்கும் தீ, பழைய குடைவுகளை நிரப்பாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நாடறிந்த சான்று.

1970களின் நடுவில் சிங்கரேணியில் திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. அத்தோடு சிக்கலின் வடிவம் மாறியது. குடைவதற்குப் பதிலாக மேலிருப்பதை எல்லாம் அகற்றினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஓவர்பர்டன்’ என்று பெயர். சுமை என்று பொருள். உழவர்க்கு விளைநிலமாக இருந்தது, பொறியாளரின் ஏட்டில் நிலக்கரியின் மேல் கிடக்கும் சுமையாகிறது. நெய்வேலியில் மேல்மண் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தச் சொல்லின் சாய்வு தமிழில் உறைப்பதில்லை. சுமை மலையாகக் குவிகிறது. எடுத்த இடம் பள்ளமாகிறது. நல்ல நடைமுறையில் வளமான மேல் அடுக்கைத் தனியே ஒதுக்கிவைத்து, பள்ளத்தைப் பின்னிருந்து நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் அந்த மண்ணை மேலே பரப்பி மரம் நடுவார்கள். ஆண்டுக்கணக்கில் குவித்துவைத்த மண் தன் நுண்ணுயிரை இழந்துவிடும் என்பதால் காலம் இங்கே பெரிய காரணி. கடைசிப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பாது, நீர்த்தேக்கமாகவே நிற்கும். கோதாவரிப் படுகை நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஓர் ஆறுதல். மேகாலயாவில் கந்தகம் மிகுந்த நிலக்கரி ஆறுகளை அமிலமாக்கியதைப் போன்ற நிலை இங்கு ஏற்படவில்லை.

தொழில்நுட்பம் இவ்வளவுதான் என்று சொன்னால் மிகையாகாது. கடினமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது.

இந்தியாவில் சுரங்க மூடலுக்கான முறையான விதிமுறை மிகத் தாமதமாக வந்தது. 2009 ஆகஸ்டில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் மூடல் திட்டத்துக்கான வழிகாட்டலை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கமாயின் எக்டருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கமாயின் 1 லட்சம் ரூபாய் என்னும் அளவில் நிறுவனம் தனிப் பிணைக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்று அது விதித்தது. இந்தக் கணக்கு முன்னோக்கியே ஓடுகிறது. 1889 முதல் 120 ஆண்டுகளில் தோண்டிக் கைவிட்ட குழிகளுக்கு எந்தக் கணக்கிலும் பணம் சேரவில்லை. 2009க்கு முன் கைவிடப்பட்டவற்றை எப்படி நிர்வகிப்பது என்னும் தனி வழிகாட்டல் 2022இல்தான் வந்தது. அமெரிக்கா இந்தச் சிக்கலை 1977இலேயே வேறு வகையில் எதிர்கொண்டது. அவ்வாண்டின் சட்டம், இன்று வெட்டப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் திறந்தவெளியில் 35 சென்ட், நிலத்தடியில் 15 சென்ட் என்று கட்டணம் விதித்து, அதிலிருந்து நேற்றைய நிறுவனங்கள் விட்டுச்சென்ற குழிகளைச் சீர்செய்தது. நேற்றின் கடனை இன்றைய தொழில் அடைக்க வேண்டும் என்னும் கொள்கை அது. குறைகள் பல உண்டு என்றாலும், கைவிட்டவர் காணாமல் போனபின் யார் பொறுப்பு என்னும் கேள்வியை அது தட்டிக்கழிக்கவில்லை.

பிரிட்டனில் அந்தப் பொறுப்பு உயிர்ப்பலிக்குப் பின்னரே பேசப்பட்டது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்வானில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளியின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அதன்பின் ஊருக்கு மேலே எஞ்சியிருந்த மேடுகளை அகற்ற, பாதிக்கப்பட்டோருக்காக உலகெங்கும் திரண்ட நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தத் தொகையை அரசு 1997இல் திருப்பித் தந்தது, வட்டி இல்லை. நிலத்தைத் தூய்மை செய்வது யார் செலவு என்பதில் எவ்வளவு அநீதி நுழைய முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிங்கரேணியின் சிக்கல் பணத்தோடு முடிவதில்லை. ‘மீட்பு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஒரு பண்பு உண்டு. மீட்டல் என்றால் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மீட்டாக வேண்டும். அடகு நகையை மீட்பதும் பகைவரிடமிருந்து ஆநிரையை மீட்பதும் அப்படித்தான். வினைக்கு இரு முனைகளிலும் மனிதர் உண்டு. மூடல் ஆவணங்களில் ‘நில மீட்பு’ என்று எழுதும்போது இரு முனைகளும் காலியாக உள்ளன. பள்ளத்திலிருந்து சமதரைக்கு என்று மட்டுமே பொருள்படுகிறது. ‘சமூகப் பயன்பாட்டுக்கு’ என்று சேர்த்தாலும் எந்தச் சமூகம் என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. காரணம், இந்த நிலத்தின் மேல் நியாயமான உரிமை கோருவோர் ஒருவரல்லர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு வேறு ஆண்டில் தொடங்குகிறது.

கோயர்க்கு அது 1886க்கு முன். சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம் உள்ளது. இல்லந்தைச் சூழ்ந்த பகுதி அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்டது. 1970இல் திருத்தப்பட்ட நில மாற்ற ஒழுங்குமுறை, மக்கள் வாயில் ‘ஒன் ஆஃப் செவன்டி’, அட்டவணைப் பகுதியில் பழங்குடியினர் அல்லாதார் கையிலுள்ள நிலம் பழங்குடியினரிடமிருந்து வந்ததாகவே முதலில் கருதப்படும் என்கிறது. 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வொழுங்குமுறையில் வரும் ‘நபர்’ என்னும் சொல் அரசையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்குத் தந்த இப்பொருள் விளக்கத்தால், அரசே தன் நிலத்தைப் பழங்குடியினர் அல்லாதார்க்கு வழங்க இயலாது என்றாயிற்று. சொற்பொருள் ஆராய்ச்சி வாழ்க்கைக்கு உதவாது என்போர் இத்தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

தொழிலாளர் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. தாத்தா குழியில் இறங்கிய ஆண்டிலிருந்து அவர்கள் எண்ணுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த சிங்கரேணியின் தொழிலாளர் எண்ணிக்கை இன்று ஏறக்குறைய 40,000. வேலை போயிற்று, குடும்பங்கள் போகவில்லை. நிறுவனத்தின் நிலத்தில் கட்டிய வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் கையில் பட்டா இல்லை. மஞ்சிரியால் மாவட்டத்தின் நிலக்கரி நகரங்களில், சிங்கரேணி திரும்ப ஒப்படைத்த நிலத்திலுள்ள வீடுகளை முறைப்படுத்தத் தெலங்கானா அரசின் 76ஆம் எண் அரசாணை வழிசெய்தது. சுரங்க நிலம் மக்களிடம் சேர்ந்ததற்குக் கையில் பிடித்துக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இதுதான். அதே வழியை அட்டவணைப் பகுதியான இல்லந்தில் நீட்டினால், முதலில் இழந்தவர்களின் பாதுகாப்பு உடைகிறது. நீட்டாவிட்டால், கடைசியில் இழந்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். இரு தரப்புமே ஏழைகள். இதை வளர்ச்சிக்கும் பழமைக்கும் இடையிலான மோதலாக எழுதுவோர் களத்தைப் பாராதவர்கள்.

மூன்றாவது உரிமையாளர் நிறுவனம். அதன் கணக்கு எதிர்காலத்தில் தொடங்குகிறது. நிலத்தடிச் சுரங்கம் மூடப்படும்போது படிவத்தின் கணிசமான பகுதி தூண்களாகக் கீழேயே கிடக்கிறது. திறந்தவெளி இயந்திரங்கள் வந்தபின் அந்தத் தூண்களும் விற்பனைச் சரக்கு. கொத்தகூடத்தின் வெங்கடேஷ் கனி நிலத்தடிச் சுரங்கம் இருந்த இடத்தில் திறந்தவெளிச் சுரங்கம் திட்டமிடப்பட்டது இவ்வாறுதான். ஆகவே கைவிடப்பட்டது என்று ஊர் கருதும் நிலம், நிறுவனத்தின் ஏட்டில் காத்திருப்பில் உள்ள நிலம். நிலக்கரி முடிந்த இடங்களிலும் வேறு பயன் காத்திருக்கிறது. இல்லந்தில் 39 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைச் சிங்கரேணி அமைத்துள்ளது. கைவிடப்பட்ட திறந்தவெளிப் பள்ளங்களில் நீரேற்று மின் திட்டங்களைப் பரிசீலித்து வருகிறது. சூழலுக்கு இவை நல்லவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தகடு விரித்த வேலிக்குள் ஆடு மேயாது.

சட்டத்தில் ஒரு நுட்பமான இடைவெளி இங்கே தெரிகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 101ஆம் பிரிவு, கையகப்படுத்திய நிலம் ஐந்து ஆண்டு பயன்படுத்தப்படாமல் கிடந்தால் முன்னாள் உரிமையாளர்க்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. பயன்படுத்தாத நிலத்துக்கு வழி உண்டு. பயன்படுத்தித் தீர்த்த நிலத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. நிலக்கரிக்கென்று தனியாக உள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுத்த நிலங்களைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை புதிய கொள்கையை ஏற்றது. வெட்டி முடித்த நிலத்தை மறுகுடியமர்த்தல், சூரிய மின் திட்டம் போன்றவற்றுக்குக் குத்தகைக்கு விடலாம். உடைமை மட்டும் அரசு நிறுவனத்திடமே இருக்கும். தமிழ் வாசகர்க்கு நெய்வேலி நினைவுக்கு வரும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் ஓடியபோது எழுந்த சினத்துக்கு இழப்பீட்டுத் தொகை மட்டும் காரணமன்று. போன நிலம் மீட்கப்பட்டு மரம் வளர்ந்து பசுமையானாலும் அது தம்மிடம் வாராது என்பதைக் கடலூர் மாவட்டத்து உழவர் இரண்டு தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று ஓர் உத்தரவிட்டது: சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, கால்நடைத் தீவனத்துக்கும் பிற உயிர்களுக்கும் ஏற்றதாக்கித் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். மூடல் ஆவணங்களில் எண்ணப்படும் மரக்கன்றுகளைவிட இந்தப் புல் கவனத்துக்குரியது. மரத்தின் எண்ணிக்கை அறிக்கைக்குச் செல்லும். புல்லைத் தேடி மாடும் ஆடும் அவற்றின் பின்னே ஆளும் வருவார்கள். எவருடைய மாடு என்று ஒருநாள் கேட்டாக வேண்டி வரும். 2025 ஜூலையில் நிலக்கரி அமைச்சகம் ‘ரீக்ளெய்ம்’ என்னும் பெயரில் சமூக ஈடுபாட்டுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மூடலின்போது உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்கத்தக்கதே. கலந்து பேசும் கூட்டத்தில் கோயரும் ஓய்வுபெற்ற தொழிலாளியும் ஒரே பாயில் அமரும்போது, கூட்டத்தை நடத்துபவர் எந்த ஆண்டிலிருந்து பேச்சைத் தொடங்குவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதியை இவ்விடத்தில் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 1986இல் மூடிய சோல்ஃபெராய்ன் சுரங்கம் 2001இல் உலக மரபுச் சின்னமானது; அருங்காட்சியகமும் கலைக்கூடமும் அங்கு உண்டு. அதைவிடக் கற்க வேண்டியது வேறு. 2018இல் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டபின், நிலத்தடி நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டிருக்க வேண்டிய செலவை ஏற்க 2007இலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு அவர்கள் மொழியில் ‘நித்தியச் சுமைகள்’ என்று பொருள்படும் சொல் வழங்குகிறது. சுமை என்பதை நிலக்கரியின் மேல் கிடந்த மண்ணுக்குச் சொல்லாமல், நிலக்கரி போனபின் எஞ்சிய கடமைக்குச் சொன்னார்கள்.

இல்லந்தின் பழைய குழிகளுக்கு இன்னும் செய்ய வேண்டிய வேலை அவ்வளவு பிரம்மாண்டமானதன்று. பழைய நிலத்தடி வரைபடங்களைப் பொதுவில் வைப்பது முதலாவது. எந்தப் புல எண் எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எந்தச் சட்டத்தின்கீழ் நிறுவனத்திடம் சென்றது என்னும் பட்டியல் இரண்டாவது. வன உரிமைச் சட்டம் 2006 வகுத்துள்ள சமூக உரிமைகளை இந்நிலங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது மூன்றாவது. கொத்தகூடத்தில் 1978இல் சுரங்கவியல் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி 2025இல் மன்மோகன் சிங் பெயரில் புவி அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பட்டியலைத் தொகுக்க வேண்டிய மாணவர்கள் இனி அங்கேயே, குழிகளிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் படிப்பார்கள்.